ஏழரை மணிச் செய்தியும் ஒரு நகரத்தின் நடையும்

வெகுசனத் தொடர்பு சாதனங்கள் முதலாளிகளின் கையிலிருக்கும்வரை உண்மை விலைப்பொருளே. அவை உழைப்பாளர் அரசின் உடைமையானால் உண்மை விடுதலை பெறும் என வாதிடுவோர் நம்மிடையே இன்றும் உளர். இக்கூற்றின் முற்பாதியை மறுப்பதற்கில்லை. பிற்பாதியைப் பொய்ப்பித்தவர்களோ முதலாளிகளல்லர், போலந்தின் தொழிலாளரே.

1980 ஓகஸ்டில் கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் செய்தோர் 21 கோரிக்கைகளை முன்வைத்தனர். அவற்றுள் மூன்றாவது, பேச்சு, பத்திரிகை, வெளியீட்டுச் சுதந்திரம் பற்றியது. சம்பள உயர்வு எட்டாவதாகவே இடம்பெற்றது. பசித்தவனுக்குக் கருத்துரிமை ஓர் ஆடம்பரம் என்போர் இவ்வரிசையைச் சற்று நோக்குவாராக.

1981 டிசெம்பர் 13 இல் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. தொலைக்காட்சிச் செய்தி வாசிப்போர் இராணுவச் சீருடையில் தோன்றினர். மூன்று நாட்களின் பின் வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் அரச படையினர் சுட்டதில் ஒன்பது தொழிலாளர் உயிரிழந்தனர். தொழிலாளரின் பெயரால் ஆளும் அரசு தொழிலாளரையே சுட்டபின், அவ்வரசின் திரை யாருடைய குரலாக இருந்திருக்க முடியும்? நடிகர் பலர் அத்திரையில் தோன்ற மறுத்தனர்.

லுப்ளின் நகருக்கு அண்மையிலுள்ள ஷ்விட்னிக் ஹெலிகொப்டர்த் தொழிற்சாலையை மையமாகக் கொண்ட நகரம். 1982 பெப்ரவரியில் அந்நகர மக்கள், மாலை ஏழரை மணிக்குச் செய்தி தொடங்கும் வேளையில், வீடுகளை விட்டு வெளியேறி வீதிகளில் உலாவத் தொடங்கினர். சிலர் தொலைக்காட்சிப் பெட்டியை வீதியை நோக்கி யன்னலில் வைத்துவிட்டு வந்தனர். கோஷமில்லை, கல்லெறியில்லை, வெறும் நடைதான். அரசு ஊரடங்கு நேரத்தை முன்தள்ளியது. மக்களோ ஐந்து மணிச் செய்தியின்போது நடந்தனர்.

மக்கள் நடப்பதற்கே அஞ்சி ஊரடங்கு விதிக்கும் அரசு, தன் செய்தியை எவரும் நம்பவில்லை எனத் தானே ஒப்புக்கொள்கிறது. மறுத்துரைக்க இடமில்லாத செய்தி செய்தியன்று, கட்டளை. கட்டளைக்குக் கீழ்ப்படியலாம்; அதனை நம்ப வேண்டியதில்லை.

முதலாளித்துவப் பத்திரிகையின் பொய்களைச் சுட்டிக்காட்டி இதனை நியாயப்படுத்துவது, ஒரு திருட்டை மறு திருட்டால் மறைப்பதாகும். சாதனம் யாருக்குச் சொந்தம் என்ற வினாவோடு நின்றுவிடுவது அரைகுறை ஆய்வு. அதில் எதிர்த்துப் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அடுத்து எழவேண்டிய வினா. உழைக்கும் மக்களின் பக்கம் நிற்பதாகக் கூறுவோர் இவ்வினாவைத் தட்டிக் கழித்தல் ஆகாது. ஷ்விட்னிக்கில் நடந்தவர்களும் உழைக்கும் மக்களே.