பாய்காட்டின் பெரிய எழுத்து

ஆங்கிலத்தில் ஒரு மனிதரின் பெயர் வினைச்சொல்லாகிவிட்டால் அதன் முதலெழுத்தைப் பெரியதாக எழுதுவதா, சிறியதாகவா? இதற்கு இலக்கணத்தைவிடப் புழக்கமே விடை சொல்லியிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'ஆகாத' வரிகளை நீக்கிக் குடும்பப் பதிப்பு கண்ட தாமஸ் பௌட்லர் இன்று சின்ன எழுத்து வினையாகவே வாழ்கிறார். பாலைச் சூடாக்கிக் காக்கும் பாஸ்டரும் அப்படியே. கூகுளை 2006இல் வினையாக ஏற்றபோது ஆக்ஸ்ஃபோர்டு பெரிய எழுத்தையும், மெரியம்-வெப்ஸ்டர் சின்ன எழுத்தையும் தேர்ந்தன. நிறுவனத்தின் பெயருக்காக வாதாட வக்கீல்கள் உண்டு. இறந்த மனிதருக்கு யார் இருக்கிறார்கள்?

சார்லஸ் பாய்காட்டுக்கு யாரும் இல்லை. அயர்லாந்தின் மேயோவில் ஒரு பிரபுவின் நிலங்களை நிர்வகித்தவர் அவர். 1880இல் குத்தகைக் குறைப்புக் கேட்ட குடியானவர்களை வெளியேற்ற முனைந்தார். ஊரே அவரிடமிருந்து விலகியது. வேலைக்கு ஆளில்லை, கடையில் சரக்கில்லை. வெளியூரிலிருந்து ஐம்பது பேரைப் படைக்காவலுடன் வரவழைத்துத்தான் அறுவடை நடந்தது. விரைவில் அவர் பெயர் வினையாயிற்று. பின்பு பெரிய எழுத்தும் போயிற்று.

தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. ஆகவே பாய்காட் நம்மிடம் வந்தபோது பெயரையே முழுதாக இழந்து 'பகிஷ்கார'மானார். அந்நியத் துணிப் பகிஷ்காரக் காலத்தில் கதர் உடுத்தத் தொடங்கியவர்களுள் எங்கள் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப. ஜீவானந்தமும் ஒருவர். தனித்தமிழ்ப் பற்று மிகுந்திருந்த நாட்களில் தம் பெயரையே 'உயிரின்பன்' என்று மொழிபெயர்த்துக்கொண்டவர் அவர்! பெயரும் பொருள் தரும் சொல்தான் என்று நம்பிய தலைமுறை அது.

பின்னாளில் பகிஷ்காரத்தின் இடத்தைப் 'புறக்கணிப்பு' பிடித்தது. இங்குதான் எங்களுக்கு மனத்தாங்கல். கடிதத்துக்குப் பதில் எழுதாதிருப்பதும் புறக்கணிப்புதான். அதற்கு ஓர் ஊர் தேவையில்லை. 'ஊர்விலக்கு' என்றாலோ ஊர் இருக்கிறது, ஆனால் திசை மாறிவிடுகிறது. நம் கிராமங்களில் பெரும்பாலும் வலியவரே எளியவரை விலக்கி வைத்தார்கள். மேயோவில் நடந்தது நேர் எதிர்.

வடமொழி என்பதால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனினும் இப்பொருளில் வரும் இடங்களில் 'பகிஷ்காரம்' என்றே எழுதலாம் என்பது எங்கள் கருத்து. வெளியே நிறுத்துதல் என்ற பொருளாவது அதில் மிஞ்சுகிறது. அயர்லாந்துக் கதைகளை மொழிபெயர்ப்பவர்கள் பாய்காட்டின் பெயரையும் ஓரிடத்தில் சொல்லிவிட்டால் நல்லது.