நாற்காலிக்கு உதவாத அணுகுண்டு

2004 ஜனவரி இறுதியில் லிபியாவிலிருந்து ஒரு சரக்கு விமானம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்குப் பறந்தது. ஏறத்தாழ 25 டன் சுமை: யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களின் பாகங்கள், கருவிகள், கட்டுக் கட்டாக ஆவணங்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு தனியாக எடுத்துச் செல்லப்பட்ட ஒரு சிறு கட்டு இதைவிட முக்கியமானது. அணுகுண்டு செய்வதற்கான வரைபடங்கள் அதில் இருந்தன. இஸ்லாமாபாத் தையல்கடை ஒன்றின் பைக்குள் வைத்து அவை லிபியாவுக்கு வந்து சேர்ந்திருந்தன. பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ.கியூ.கான் நடத்திய கள்ளச் சந்தையில் சரக்கு அப்படித்தான் கைமாறியது. பாகங்கள் மலேசியாவின் ஷா ஆலமில் தயாராயின. துபாயில் இருந்தபடி அந்த வேலையை ஏற்பாடு செய்தவர் ஓர் இலங்கை வணிகர். அப்போது 34 ஆண்டுகளாக லிபியாவை ஆண்டுகொண்டிருந்த முஅம்மர் கடாஃபி, பெரும் பணம் கொட்டி வாங்கிய இதையெல்லாம் ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லாமல் ஒப்படைத்தார். தேர்தலுக்கோ நாடாளுமன்றத்துக்கோ பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு மனிதர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

வாஷிங்டன் வெகுகாலம் சொல்லிவந்த பதில், பயம். 2003 டிசம்பர் 13 அன்று சதாம் உசேன் பதுங்கு குழியிலிருந்து பிடிக்கப்பட்டார்; டிசம்பர் 19 அன்று லிபியா தன் திட்டத்தைக் கைவிடும் அறிவிப்பை வெளியிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடாஃபியின் மகன் சைஃப் அல்-இஸ்லாம் வழியாக பிரிட்டிஷ் உளவுத் துறைக்குத் தூது போனது அந்த ஆண்டு மார்ச்சில், இராக் போர் தொடங்குவதற்கு முன்பே. அதற்கும் முன்னதாக, கிளின்டன் காலத்திலேயே, வேதி ஆயுதங்களைக் கைவிடுவது பற்றி லிபியத் தரப்பு பேச்சுக் கொடுத்திருந்தது. பயம் மட்டுமே போதுமென்றால் 1986 ஏப்ரலிலேயே வேலை முடிந்திருக்க வேண்டும். அப்போது ரீகன் அனுப்பிய விமானங்கள் திரிப்போலியில் கடாஃபியின் வசிப்பிடத்தின் மீதே குண்டு போட்டன. அதற்குப் பிறகு லிபியா அடங்கவில்லை. 1988இல் லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பில் 270 பேர் இறந்தார்கள். 1995இல் அணு ஆயுதத் திட்டம் புத்துயிர் பெற்றது. 2003 அக்டோபரில் மையவிலக்குப் பாகங்களுடன் வந்த ‘பிபிசி சைனா’ என்ற கப்பல் இத்தாலிக்குத் திருப்பப்பட்டுப் பிடிபட்டது முடிவை விரைவுபடுத்தியிருக்கும். ஆனால் அதற்குள் பேரம் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.

கடாஃபியை உறுத்திக்கொண்டிருந்த ஆபத்து வெளியிலிருந்து வந்ததல்ல. 1992 முதல் ஐ.நா. விதித்த தடைகளால் விமானப் போக்குவரத்து நின்றது, எண்ணெய்க் கிணறுகளுக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை. 1970 வாக்கில் நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய் எண்ணெய் எடுத்த நாட்டின் உற்பத்தி பாதிக்கும் கீழே கிடந்தது. 1993இல் வர்ஃபல்லா இனக்குழுவைச் சேர்ந்த ராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார்கள். நாட்டின் கிழக்கில் இஸ்லாமிய ஆயுதக் குழுவினர் கிளர்ந்தெழுந்தார்கள். இந்த எதிரிகள் யார் மீதும் அணுகுண்டைப் போட முடியாது. படை முகாமில் நடக்கும் சதியையும் வேலையில்லாத இளைஞர்களின் கோபத்தையும் அது தடுக்காது. அவற்றைச் சமாளிக்கத் தேவை பணம். பணத்துக்குத் தேவை எண்ணெய் முதலீடு. முதலீட்டுக்குக் குறுக்கே நின்றது குண்டுத் திட்டம். என் வாதம் இவ்வளவுதான்: சர்வாதிகாரிக்கு அணுகுண்டு நாற்காலியைக் காக்கும் கருவிகளில் ஒன்று. நாற்காலியைத் தாங்கும் வேறொரு காலை அந்தக் குண்டு அரிக்கத் தொடங்கும்போது, குண்டுதான் வெளியேறும். எடெல் சோலிங்கன் போன்ற அரசியல் அறிஞர்கள், உலகச் சந்தையை நம்பி ஆளும் ஆட்சிகளுக்கும் உள்ளுக்குள் சுருண்டு ஆளும் ஆட்சிகளுக்கும் இடையே இந்த வேறுபாட்டை நெடுநாளாகக் காட்டிவருகிறார்கள்.

இதற்கு லிபியாவைவிடத் தெளிவான சான்று தென் கொரியா. ராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்த பார்க் சுங்-ஹீ, அமெரிக்கா தன்னைக் கைவிட்டுவிடும் என்று அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1969இல் நிக்சன் சொன்னார். 1971இல் 20,000 அமெரிக்க வீரர்கள் கொரியாவிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள். பார்க் ரகசியமாக அணுகுண்டுத் திட்டத்தைத் தொடங்கினார். புளூட்டோனியம் பிரித்தெடுக்கும் ஆலைக்கு பிரான்சுடன் பேசினார். அப்போதுதான் 1974 மே மாதம் இந்தியா பொக்ரானில் சோதனை நடத்தியது. அதற்கான புளூட்டோனியம் கனடா கொடுத்த உலையிலிருந்து வந்தது என்பதால், கனடாவும் அமெரிக்காவும் மற்ற வாடிக்கையாளர்களின் கணக்கைத் துருவத் தொடங்கின. சியோலின் ரகசியம் அம்பலமானது. வாஷிங்டன் படையை ஏவவில்லை. கோரி அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலைக்கான கடனில் கைவைத்தது, பாதுகாப்பு உறவே கேள்விக்குள்ளாகும் என்றது. பார்க்கின் ஆட்சிக்கு இருந்த ஒரே நியாயம் பொருளாதார வளர்ச்சி. 1964இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி, 1977இல் 1,000 கோடி டாலரைத் தொட்டது. அதை வாங்கும் சந்தையும் அதற்கான கடனும் பெருமளவு அமெரிக்காவைச் சார்ந்திருந்தன. 1975 ஏப்ரலில் தென் கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை உறுதிசெய்தது, 1976 ஜனவரியில் பிரெஞ்சு ஆலை கைவிடப்பட்டது. எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வட கொரியாவின் கிம் இல்-சுங்கின் படை நின்றிருந்தபோதும் இது நடந்தது. 1979இல் பார்க்கைச் சுட்டுக் கொன்றது வட கொரியா அல்ல, அவருடைய சொந்த உளவுத் துறைத் தலைவர்தான் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

தைவான் கதையும் ஏறத்தாழ இதுவே. அங்கேயும் ராணுவச் சட்டத்தின் கீழ் ஆண்ட சியாங் குடும்பம், கூடவே கனடா தந்த ஆராய்ச்சி உலை. நம் ட்ராம்பேயில் இருந்த சைரஸ் உலைக்கு அது உடன்பிறப்பு. 1988 ஜனவரியில் அந்தத் திட்டத்தின் மூத்த அதிகாரி சாங் சியன்-யி தகவல்களுடன் அமெரிக்கா சென்றார். அதே மாதம் அதிபர் சியாங் சிங்-குவோ இறந்தார். சில வாரங்களில் உலை மூடப்பட்டது. அமெரிக்காவை இழந்தால் தீவே இல்லை என்பது தைபேயில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

தென்னாப்பிரிக்கா வேறு வகை. சொந்தமாகக் குண்டு செய்து முடித்து, பிறகு அதை முற்றிலும் அழித்த ஒரே நாடு அது. வெள்ளையருக்கு அங்கே தேர்தல் இருந்தது என்பார்கள். பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு அது அடக்குமுறை அரசுதான். ஆறு குண்டுகள் தயாராக இருந்தன, ஏழாவது பாதியில் நின்றது. பாதுகாப்புக்காக ஒவ்வொரு குண்டையும் இரண்டு பாதிகளாகப் பிரித்து வெவ்வேறு பெட்டகங்களில் வைத்திருந்தார்கள். 1989இல் பதவிக்கு வந்த அதிபர் டி கிளர்க் இவற்றைப் பிரித்துப்போட உத்தரவிட்டார்; 1991 ஜூலையில் நாடு பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1993 மார்ச் 24 அன்று நாடாளுமன்றத்தில் விஷயத்தை வெளியிட்டபோது அவர் அடுக்கிய காரணங்கள் எல்லாம் வெளியுலகைச் சேர்ந்தவை: அங்கோலாவிலிருந்து 50,000 கியூபா வீரர்கள் விலகியது, நமீபியா விடுதலை, பெர்லின் சுவர் விழுந்தது. அவை பொய்யல்ல. ஆனால் மண்டேலாவைச் சிறையிலிருந்து விடுவிக்கப்போகும் ஆட்சி, அடுத்து இந்தப் பெட்டகங்களின் சாவி யார் கைக்குப் போகும் என்று யோசிக்காமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. புதிய அரசு வருவதற்குள் குண்டும் இல்லை, வரைபடங்களும் இல்லை. உலகத்தோடு மறுபடி ஒட்டிக்கொள்ள விரும்பிய வெள்ளையர் ஆட்சிக்கு, போகிற காலத்தில் குண்டு சுமையாகிவிட்டது.

இங்கே வரும் முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்தது. கடாஃபி கைவிட்டார், என்ன ஆனார்? 2011 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்பு அவை 1973ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது; இந்தியா வாக்கெடுப்பிலிருந்து விலகி நின்றது. நேட்டோ விமானங்கள் வந்தன. அக்டோபர் 20 அன்று சிர்த்தே நகருக்கு வெளியே, ஒரு வடிகால் குழாயிலிருந்து இழுத்துவரப்பட்டு அவர் கொல்லப்பட்டார். குண்டு இருந்திருந்தால் நேட்டோ வந்திருக்குமா என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் 2003இல் அவரிடம் குண்டு இல்லை. 10,000 மையவிலக்கு இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். வந்தவற்றில் பெரும்பகுதி பெட்டிகளைவிட்டே வெளியேறவில்லை, பூட்டி இயக்கும் பொறியாளர்களும் போதவில்லை. அன்று அவர் முன் இருந்த தேர்வு குண்டா நட்பா என்பதல்ல. இன்னும் பல ஆண்டுகள் தடைகளோடு கிடப்பதா, எட்டு ஆண்டுகள் எண்ணெய் விற்றுப் பிழைப்பதா என்பதே. அமெரிக்க எண்ணெய் நிறுவனங்கள் திரும்பின, 2006இல் முழுத் தூதரக உறவு மீண்டது. 2011இல் பெங்காசியில் எழுந்த கலகத்தைக் குண்டு தடுத்திருக்காது. அதே வகைப் பேரத்தில் கஜகஸ்தானின் நஸர்பாயேவ் என்ன ஆனார் என்பதையும் பார்க்க வேண்டும். சோவியத் சிதறியபோது அவர் மண்ணில் 1,400க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் நின்றன. ஏவும் அதிகாரம் மாஸ்கோவிடமே இருந்தது என்றாலும் பேரம் பேச அவை போதும். 1993இல் தெங்கிஸ் எண்ணெய் வயலுக்கு செவ்ரான் வந்தது. 1995க்குள் ஆயுதங்கள் ரஷ்யாவுக்குப் போய்விட்டன. நஸர்பாயேவ் 2019 வரை அதிபராக இருந்தார். ஜனநாயகவாதி ஒருவரும் அவரை மெச்ச மாட்டார், ஆனால் இந்தக் கட்டுரையின் கணக்கில் அவர்தான் வென்றவர்.

இரண்டாவது மறுப்பு வட கொரியா, அது கனமானது. 1990களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டபோதும் அந்த ஆட்சி அசையவில்லை. 2006 முதல் 2017 வரை ஆறு சோதனைகள் நடத்தியது. மக்கள் பட்டினி கிடந்தாலும் நாற்காலி ஆடாதபடி கட்டப்பட்ட அமைப்பு அது. உலகச் சந்தையில் அதற்கு இழக்க எதுவுமில்லை, சீனா கழுத்தைப் பிடித்து நெரிக்கவும் இல்லை. ஆகவே குண்டு அரிப்பதற்கு அங்கே வேறு காலே கிடையாது. அதுவே முதன்மைக் கால். இது என் வாதத்தை முறிக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. 2011 மார்ச்சில் லிபியா மீது குண்டுகள் விழுந்த சில நாட்களிலேயே, ஆயுதத்தைக் கைவிடச் சொன்னது படையெடுப்புக்கான தந்திரம் என்று பியோங்யாங் அறிக்கை விட்டது. 2018இல் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன் வட கொரியாவுக்கு ‘லிபிய மாதிரி’யைப் பரிந்துரைத்தார். இதைவிடக் கேடான விளம்பரத்தை எதிரிகூட எழுதித் தந்திருக்க முடியாது. கையில் குண்டு வைத்திருக்கும் கிம் ஜோங்-உன்னிடம் அதைத் தந்துவிடு என்று கேட்பது இனி காலவிரயம்.

ஆகவே பேரத்துக்கு இடம் இருப்பது குண்டு உருவாவதற்கு முன்புதான், அதுவும் ஆட்சியாளர் வெளியுலகத்தோடு ஏதோவொரு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும்போது. குண்டு போட்டுத் தடுக்கலாம் என்பவர்கள் 1981ஐப் பார்க்கட்டும்: இஸ்ரேல் இராக்கின் ஒசிராக் உலையைத் தகர்த்த பிறகு சதாமின் திட்டம் பெரிதாகித் தலைமறைவானது. ஈரானில் எதிர்வழி ஒருமுறை முயலப்பட்டது. தடைகளால் எண்ணெய் வருமானம் சுருங்கி, உள்ளூரில் அதிருப்தி ஏறிய நிலையில், 2015 ஜூலை 14 அன்று டெஹ்ரான் ஒப்பந்தத்துக்கு வந்தது. செறிவூட்டிய யுரேனியக் கையிருப்பை 300 கிலோவுக்குள் குறைத்தது, ஆய்வாளர்களை உள்ளே விட்டது. ஒப்பந்தப்படியே நடக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை திரும்பத் திரும்ப அறிக்கை தந்தது. 2018 மே 8 அன்று ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது அமெரிக்கா. அடுத்த ஆண்டிலிருந்து ஈரான் வரம்புகளை ஒவ்வொன்றாக மீறியது; 2025 ஜூனில் நத்தான்ஸ் மீதும் ஃபோர்தோ மீதும் குண்டுகள் விழுந்தன. சர்வாதிகாரியை நம்ப முடியாது என்ற எச்சரிக்கை சரிதான். அதற்குத்தான் ஆய்வாளர்களும் கண்காணிப்புக் கேமராக்களும் இருக்கின்றன. எதிர்த்தரப்பின் வாக்கைக் கண்காணிக்க அப்படி ஒரு முகமை இல்லை. 2015 ஒப்பந்தம் அமெரிக்க செனட் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கை அல்ல என்பதால் ஒரு அதிபர் போட்டதை அடுத்தவர் ஒரே கையெழுத்தில் எளிதாகத் தூக்கி எறிய முடிந்தது. ஈரானுடனோ வேறெந்த நாட்டுடனோ இனி ஒரு ஒப்பந்தம் எழுதப்பட்டால், அது செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு பெற்று நிறைவேற வேண்டும்.