வாசல் சுவரில் டெலிவிஷனா?

கூடுவாஞ்சேரிப் பக்கம் புது வீடுகள் எழும்புகின்றன. பழைய திண்ணை போய், 'சிட்-அவுட்' வந்துவிட்டது. அதன் சுவரில் டெலிவிஷனை மாட்டிவிட்டால், காற்றாட உட்கார்ந்து பார்க்கலாமே என்று பலருக்கு ஆசை.

ஆசை நியாயமானதுதான். சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ம் ஆண்டு தொடங்கியது. அந்தக் காலத்தில் 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடும். சிலர் பெட்டியை வாசலுக்கே தூக்கி வந்தார்கள். நிகழ்ச்சி முடிந்தால் பெட்டி உள்ளே போய்விடும்.

இன்றோ அது வெளிச்சுவரிலேயே குடியிருக்கப் போகிறது. அங்கேதான் ஆபத்து!

வீட்டுக்குள் வைக்கும் டெலிவிஷன் மழைக்காகச் செய்யப்பட்டதல்ல. மேலே கூரை இருக்கிறதே என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நேராகவா விழுகிறது? காற்றோடு சாய்ந்தல்லவா அடிக்கிறது! ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒரு குழந்தை நிற்கிறது. நனைந்த பிளக்கைத் தொடுகிறது. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். 'எர்த்' கம்பி சரியாக இருக்கிறதா? 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே தானாகத் துண்டிக்கும் 'ஆர்.சி.சி.பி.' கருவி உண்டா? இல்லையென்றால் மாட்டவே கூடாது என்பது என் கட்சி.

மேற்குச் சுவரும் வேண்டாம். மாலை வெயில் திரையைச் சுட்டுவிடும். ஸ்டாண்டின் திருகாணி பூச்சோடு நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், சக்கரம் வைத்த ஸ்டாண்டே மேல். மாலையில் வெளியே உருட்டலாம்; மழை இருட்டினால் உள்ளே தள்ளலாம். இரவு 10 மணிக்கு உள்ளே போய்விட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நிம்மதியாகப் பரீட்சைக்குப் படிக்கும்.