அறிந்து வாங்குவோம்: வாகனக் காப்புறுதி எடுக்கும் முன்



போர் முடிந்த பின்னர் எமது பகுதிகளில் முச்சக்கரவண்டியும் ஸ்கூட்டரும் பல பெண் தலைமைக் குடும்பங்களுக்குச் சீவியத்துக்கு வழியாகியுள்ளன. கடன் பட்டு வாகனம் வாங்கிய சகோதரிகளிடம் காப்புறுதி பற்றி நான் கேட்கும்போது பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "வரிப்பத்திரம் எடுக்கத்தானே அது வேணும். குறைஞ்ச காசுக்கு எது இருந்ததோ அதைப் போட்டன்."

காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஆயினும் கட்டாயமானது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே. எமது வாகனத்தால் மற்றவருக்கு நேரும் இழப்புக்கே அது பொறுப்பேற்கும். எமது வாகனம் நொறுங்கினால் ஒரு சதமும் தராது. எமது வாகனத்துக்கும் பாதுகாப்பு வேண்டுமானால் முழுமையான காப்புறுதி எடுக்க வேண்டும். வாகனம் போனால் வருமானமும் போய்க் கடன் மட்டும் மிஞ்சும் நிலையில் உள்ளவர்கள் இதனை யோசிக்க வேண்டும்.

கையொப்பம் வைக்கும் முன் முகவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, வாடகைக்கு ஓடும் வாகனமா, சொந்தப் பாவனையா? நான் அறிந்த ஒரு சகோதரி வாடகைக்கு ஓட்டிய முச்சக்கரவண்டிக்கு, கட்டுப்பணம் குறைவு என்று முகவர் சொந்தப் பாவனை என எழுதிவிட்டார். விபத்தின் பின் நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது. விண்ணப்பத்தில் பிழை இருந்தால் பாதிக்கப்படுவது நாங்களே.

இரண்டாவது, வாகனத்தின் பெறுமதி. 10 இலட்சம் ரூபா பெறுமதியான வண்டியை 5 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், ஒரு இலட்சம் ரூபா சேதத்துக்கு 50,000 ரூபா மட்டும் கிடைக்கக்கூடும். எவ்வளவு சேதத்தை நாங்களே ஏற்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

மூன்றாவது, எவை அடங்காது? போரினால் வரும் சேதத்தைச் சாதாரண வாகனக் காப்புறுதி ஏற்பதில்லை. கலகம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பை மேலதிகப் பணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். 2022 மே 9 ஆம் திகதி நாட்டில் பல வாகனங்கள் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. வெள்ளம், புயல் சேதம் அடங்குமா என்பதையும் கேட்டறியுங்கள்.

நான்காவது, யாருடைய பெயர்? பதிவுப் புத்தகத்தில் கணவரின் பெயரோ, முன்னைய உரிமையாளரின் பெயரோ இருந்தால் இழப்பீடு பெறுவது சிக்கலாகும். கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழுடன் பெயர் மாற்றத்துக்கு முயலுங்கள். காணாமற் போனவர்களின் குடும்பங்களுக்கு 2016 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் கோராமலே காணாமற் போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். அதைக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

விளங்காத மொழியில் உள்ள பத்திரத்தில் கையொப்பம் இடாதீர்கள். தமிழில் விளக்கம் கேட்பது எமது உரிமை. கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். விபத்து நடந்தால் உடனே நிறுவனத்துக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள். இழப்பீடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடம் முறையிட்டும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

ஒரே வாகனத்துக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டுப்பணம் வேறுபடும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாகனம் வைத்திருப்போர் ஒன்றுசேர்ந்து, மூன்று நிறுவனங்களிடமாவது விலை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். தனியாக ஒரு பெண் கேட்கும்போது அவசரப்படுத்தும் முகவர், பத்துப் பேர் சேர்ந்து கேட்கும்போது ஆறுதலாக விளக்கம் சொல்வார்.