உயரம் காட்டும் கருவி

மாதிரி ராக்கெட் விடுதல் அமெரிக்க இளைஞர் பலர் விரும்பிப் பயிலும் பொழுதுபோக்கு. 1954ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த கார்லைல் உடன்பிறந்தார் இருவர் இதற்கு வித்திட்டனர். தாளாலும் மென்மரத்தாலும் இயன்ற அச்சிறு ராக்கெட் எவ்வளவு உயரம் சென்றது? இவ்வினாவிற்கு விடை காண நெடுங்காலம் கோணமானியே துணை நின்றது. ஏவுமிடத்திலிருந்து 100 மீட்டர் தொலைவில் நிற்பவன் ராக்கெட்டின் உச்சநிலையை 45 பாகைக் கோணத்தில் கண்டால், அது எழுந்த உயரமும் ஏறத்தாழ 100 மீட்டரே.

இந்நாளில் விரலளவேயான மின்னணுக் கருவியொன்று ராக்கெட்டினுள்ளே அமர்ந்து செல்கிறது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். தரையை அடுத்த பகுதியில் ஏறத்தாழ 8 மீட்டருக்கு ஒரு மில்லிபார் குறையும். அக்குறைவை அளந்து கருவி உயரத்தைக் கணிக்கிறது. முகில் மறைத்தாலும் அதற்குத் தடையில்லை. இது வரவேற்கத்தக்கதே. எனினும், கருவி வந்துவிட்டது என்று கோணமானியைப் பரணில் ஏற்றுதல் அறிவுடைமை ஆகாது. கருவி தன்னைச் சூழ்ந்த காற்றை மட்டுமே அறியும். ராக்கெட்டின் உடலில் காற்றுத் துளை செவ்வனே அமையாவிடின், பிழையான எண்ணையும் அது தயங்காது காட்டும். அதைக் காண்பவனும் மகிழ்ந்து நம்பிவிடுவான்! கோண அளவும் பிழைபடுவதுண்டு. இரண்டும் வேறுபடும் நாளில்தான் மாணவன் துளையை ஆராய்வான். ராக்கெட் நேரே எழுந்ததா, சாய்ந்து சென்றதா என்றும் வினவுவான்.