புதுசு மாதிரி எதற்கு?

சைனாடவுன் கடைவீடுகள் 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. நகர மறுசீரமைப்பு ஆணையம் சொல்வது எளிது: முடிந்தவரை பழையதை வைத்துக்கொள், கவனமாகப் பழுதுபார். மாடியில் நடப்பதோ வேறு. வீடு கைக்கு வந்ததும் மரத்தரையில் மெஷின் விட்டுத் தேய்க்கிறார்கள். "புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க!" என்று பெருமை வேறு. புதுசுதான் வேணும்னா பழைய வீடு எதுக்கு?

இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே மர உத்திரங்கள், அவற்றின்மேல் பலகை. நம் எடையைத் தாங்குவது அந்தப் பலகைதான். ஒவ்வொரு தேய்ப்பிலும் அதன் கனம் குறைகிறது. போன மரம் திரும்ப வராது. மேலே பாலியூரித்தேன் பூசிவிட்டால், கீறல் விழுந்த இடத்தை மட்டும் ஒட்டுத் தெரியாமல் சரிசெய்வது கஷ்டம். மறுபடி தரை முழுக்க மெஷின்! எண்ணெய்ப்பூச்சு என்றால் தேய்ந்த இடத்தில் மட்டும் தடவினால் போதும்.

அழுக்கை எடுங்கள். எழும்பிய ஆணியை இறக்குங்கள். உளுத்த பலகையை மட்டும் மாற்றுங்கள். கறையும் வடுவும் இருந்துவிட்டுப் போகட்டும். முகப்பை மாற்றினால் கேட்க ஆள் இருக்கிறது. தரையைச் சுரண்டித் தீர்த்தால் யார் கேட்பது?