தேய்ப்பும் டிசைன்தான்

சிம்போசியத்துக்கு ஹெல்மெட்டை 3டி பிரிண்ட் பண்ணியாச்சு, பெயிண்ட் அடிச்சா வரி வரியான கோடு மறைஞ்சிடும்னு நினைக்காதீங்க. பளபளப்பான பெயிண்ட் ஒவ்வொரு கோட்டையும் எடுத்துக் காட்டும்.

உப்புத்தாளில் 120-இல் தொடங்கி 220-க்குப் போங்க. பள்ளத்தில் பட்டி வைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்ங்க. பிறகு பிரைமர். அதன்மேல் 400 நம்பர் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கணும். இடையில் ஒரு நம்பரைத் தாண்டினால் பழைய கீறல் அப்படியே நிற்கும். மெஷின் வைக்காதீங்க: பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிடும். தூசிக்கு மாஸ்க் கட்டாயம்.

உள்பக்கத்தையும் தேய்ங்க. அதை யார் பார்க்கப்போறாங்கன்னு கேட்கலாம். எங்க அனந்தபுரம், செஞ்சிப் பக்கம் தெருக்கூத்துக் கலைஞர்கள் மரக் கிரீடம் கட்டி விடிய விடிய ஆடுறாங்க. அதற்குக் கனமில்லாத கல்யாண முருங்கை மரம். பார்ப்பவர் கண்ணைப் போலவே போடுபவர் தலையும் முக்கியம்.

ஆனா நம்ம டீம்களில் டிசைன் பண்ணவர் பேர் போஸ்டரில் வரும், தேய்ப்பு மட்டும் கடைசி ராத்திரி ஜூனியர் தலையில் விழும். இது நியாயமில்லை. தேய்ப்புக்கு இரண்டு நாள் ஒதுக்குங்க. சீனியர்களும் கூட உட்காருங்க. தேய்த்தவர் பேரையும் போஸ்டரில் போடுங்க.